ஹியூம் புத்தகத்தில் நம்ம ஊர் வெடிமருந்து

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் இப்போதே படியுங்கள், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேவிட் ஹியூம் என்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். 1711இல் எடின்பரோவில் பிறந்தவர். மனித அறிவு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து 1748இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் எதை எதையோ பேசிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் வெடிமருந்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வெடிமருந்து வெடிக்கும் என்பதையும் காந்தம் இரும்பை இழுக்கும் என்பதையும், அனுபவம் ஏதுமில்லாமல் உட்கார்ந்து யோசித்தே கண்டுபிடித்திருக்கலாம் என்று எவரும் நினைக்கமாட்டார்கள் என்கிறார். சிவகாசிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவன் நான். அந்த வரியைத் தாண்டி அன்றைக்கு எனக்குப் பக்கம் நகரவில்லை.

யோசித்துப் பாருங்கள். கருமருந்தில் இருப்பது மூன்றே சாமான்: வெடியுப்பு, கரி, கந்தகம். கரி அடுப்பங்கரையில் கிடக்கிறது. கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், சொறி சிரங்குக்குப் பூசுவார்கள். வெடியுப்பின் கதை இன்னும் வேடிக்கை. அதைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிட்டுப் போகும். அக்பர் காலத்தில் அரண்மனையில் குடிதண்ணீரைக் குளிர வைக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். தண்ணீரைக் குளிர்விக்கிற ஒரு வெள்ளை உப்பைப் பார்த்து, "இதுதான் நெருப்புக்குத் தீனி போடப்போகிறது" என்று எந்த அறிவாளி முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்? பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக வெடியுப்பு இங்கிலாந்துக்குப் போன காலம் அது. ஹியூம் கண்ட வெடிமருந்தில் நம் நாட்டு உப்பும் இருந்திருக்கலாம்.

வகுப்பில் கெட்டிக்காரப் பையன் எவனாவது இந்த இடத்தில் எழுந்து நிற்பான் என்று எனக்குத் தெரியும். "சார், நீங்கதான சமன்பாடு போட்டு நடத்துனீங்க? நைட்ரேட் ஆக்ஸிஜன் குடுக்கும், கரியும் கந்தகமும் எரியும், வாயு விரியும்னு. பார்க்காமலே சொல்லலாமே?" நல்ல கேள்விதான் தம்பி. ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுத உனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் சூடாக்கிப் பார்த்தார், யாரோ ஒருவர் வாயுவைப் பிடித்து அளந்தார். புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் கை சுட்டுக்கொண்ட ஒரு ஆள் இருக்கிறார். அந்த அனுபவத்தைச் சுருக்கிச் சேமித்து வைத்ததுதான் சமன்பாடு.

ஹியூம் பில்லியர்ட்ஸ் பந்தை உதாரணம் சொல்வார். நமக்கு கேரம் போர்டு போதும். ஸ்ட்ரைக்கர் போய்க் காயை அடிக்கிறது, காய் நகர்கிறது. அடித்ததைப் பார்த்தோம், நகர்ந்ததையும் பார்த்தோம். "அடித்ததனால் நகர்ந்தது" என்பதில் அந்த 'ஆல்' எங்கே இருக்கிறது? அதைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் தடவை பார்த்த பழக்கத்தில் மனசு தானாகப் போட்டுக்கொள்கிற விகுதி அது என்பது ஹியூமின் வாதம். தமிழ் ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும், மூன்றாம் வேற்றுமை உருபு முழுவதும் பழக்கத்தின் மேல் நிற்கிறது.

ஹியூமுக்கு முன்னால் ஜான் லாக். இங்கிலாந்துக்காரர், மருத்துவம் படித்தவர். பிறக்கும்போது மனசு எழுத்தே இல்லாத வெள்ளைத் தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்றார். 1690 என்று ஆண்டிட்ட அவருடைய பெரிய நூலில் இது வருகிறது. இந்த வெள்ளைத் தாள் விஷயத்தை ஒரு திருமண வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிற பழைய மாணவர் ஒருவர் சிரித்துவிட்டார். "சார், வெள்ளைத் தாள்னா சும்மாவா? மேப்லித்தோ மை குடிக்கிற விதம் வேற, ஆர்ட் பேப்பர் வாங்குற விதம் வேற. நார் ஓட்டம் பார்க்காம அடிச்சா காலண்டர் அட்டை சுருண்டுக்கும். எழுதுறதுக்கு முன்னாடியே தாளுக்கு ஒரு குணம் இருக்கு சார்."

ஜெர்மனிக்காரர் லைப்னிட்ஸ் லாக்குக்குச் சொன்ன பதிலும் இதேதான்! அவர் தாளுக்குப் பதில் பளிங்குக்கல்லைச் சொன்னார். கல்லுக்குள்ளே ஓடுகிற ரேகை, சிற்பி எந்த உருவத்தைச் சுலபமாக எடுக்கலாம் என்பதை ஓரளவுக்கு முன்பே தீர்மானிக்கிறது. மனசும் அப்படித்தான் என்றார். லாக் 1704இல் இறந்துவிட்டதால் லைப்னிட்ஸ் அந்தப் பதிலை அச்சில் கொண்டுவராமல் வைத்துவிட்டார். 1765இல்தான் அது வெளியானது. நம் அச்சகத் தம்பி ஒரு கையில் சாம்பார் வாளியோடு அரை நிமிடத்தில் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உடம்புக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம் அதிகம்.

பிரான்ஸ் நாட்டு டேக்கார்ட் 1641இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எதையெல்லாம் சந்தேகிக்க முடியுமோ அதையெல்லாம் சந்தேகித்துப் பார்த்தார். கண் ஏமாற்றலாம், கனவாக இருக்கலாம், இந்த உடம்பே பொய்யாக இருக்கலாம். ஆனால் சந்தேகிக்கிற நான் இருக்கிறேன், அதைச் சந்தேகிக்க முடியாது. ஆகவே மனம் வேறு, உடம்பு வேறு என்றார். இரண்டும் அடியோடு வேறு என்றால் ஒன்றை ஒன்று எப்படித் தள்ளும்? எடையும் இடமும் இல்லாத மனம் என் கையை எப்படித் தூக்குகிறது? 1643இல் எலிசபெத் என்ற இளவரசி அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்ட கேள்வி இது. நாட்டை இழந்து ஹாலந்தில் அடைக்கலமாக இருந்த குடும்பத்துப் பெண், வயது 24. டேக்கார்ட் என்னென்னவோ பதில் எழுதினார். பின்னால் மூளை நடுவில் உள்ள பீனியல் சுரப்பியில்தான் இரண்டும் சந்திக்கின்றன என்றும் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் டேக்கார்ட் ஒரு விஷயத்தைச் சரியாகக் கவனித்திருந்தார். கையோ காலோ வெட்டி எடுக்கப்பட்டவர்கள், இல்லாத அந்த உறுப்பில் இன்னும் வலிக்கிறது என்று தன்னிடம் சொன்னதாக எழுதுகிறார். கை அழுகிப்போன ஒரு சிறுமியின் கதையையும் வேறொரு நூலில் சொல்கிறார். புண்ணைப் பார்த்துப் பயப்படுவாள் என்று வைத்தியர் வரும்போதெல்லாம் அவள் கண்ணைக் கட்டிவிடுவார்கள். கடைசியில் முழங்கை வரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துணியைச் சுற்றி வைத்துவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. அவளோ இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

நம்மில் ஒருவருக்கும் இது நடந்தது. உங்களில் பலருக்கு அவர் யார் என்று தெரியும், பெயர் வேண்டாம். எழுதிக்கொள்ள அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். இருபத்து நான்கு வயதில் ஆலை விபத்தில் வலது கை மணிக்கட்டுக்கு மேலே போனது. ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "சார், சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்க. விரல் மடங்கியே இருக்கு சார். நகம் உள்ளங்கையில குத்துது. விரிக்க முடியல" என்றார். வீட்டில் சொன்னால் அம்மா அழுகிறார்கள், சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள் என்று யாரிடமும் சொல்லாமலே மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார்.

பைத்தியம் இல்லை. டேக்கார்ட் இதற்குக் கயிற்றை உதாரணம் சொல்வார். நீளமான கயிற்றை நுனியில் இழுத்தாலும் நடுவில் இழுத்தாலும் மறுமுனை ஒரே மாதிரிதான் அசையும். நரம்பும் அப்படி, வழியில் எங்கே தூண்டினாலும் மூளைக்கு விரலிலிருந்து வந்த செய்தியாகவே படும். நாம் திரியைச் சொல்லலாம். நுனியில் பற்ற வைத்தாலும் நடுவில் பற்ற வைத்தாலும் வெடிக்கு வித்தியாசம் தெரியாது. முன்னூறு வருடத்துக்கு மேல் கழித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் இதில் இன்னும் ஒரு படி போனார். கை போனாலும் மூளையில் கையின் வரைபடம் போவதில்லை என்று காட்டினார். 1990களில் சாதாரணக் கண்ணாடி ஒன்றை வைத்து ஒரு பெட்டி செய்தார். இருக்கிற கையைக் கண்ணாடி முன் நீட்டினால், பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை மெல்ல விரித்தால் இல்லாத கையும் விரிவதைக் கண் பார்க்கும். சிலருக்கு அந்த இறுக்கம் அப்படியே தளர்ந்துவிடும். எல்லோருக்கும் அல்ல.

நாங்கள் மதுரையில் டாக்டர் ஒருவரைப் பார்த்து, அவர் சொன்னபடி செய்தோம். பீரோக் கண்ணாடிதான். தினம் கால் மணி நேரம். மூன்றாவது வாரம் போன் வந்தது: "சார், ரெண்டு விரல் விரிஞ்சிருச்சு." வலி முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் இன்னும் வருகிறது என்கிறார். ஆனால் இப்போது தூங்குகிறார்.

வலி உடம்பிலா மனசிலா என்று எலிசபெத் இளவரசி பாணியில் நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று ஊனமானவரிடம் லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

மனம், உடம்பு என்று பேசும்போது நம் மாவட்டத்துத் திருச்சுழியை விட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அங்கே 1879 டிசம்பர் 30இல் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி. 1896இல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது காரணமே இல்லாமல் மரண பயம் வந்தது. பையன் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடவில்லை. கைகால் நீட்டிப் பிணம் மாதிரிப் படுத்து, மூச்சை அடக்கி, "சரி, உடம்பு செத்துவிட்டது, எரித்துவிட்டார்கள். அப்போது நான் செத்தேனா?" என்று விசாரித்துப் பார்த்தான். உடம்பை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதில் இது டேக்கார்ட் செய்த சோதனைக்கு அண்ணன் தம்பி முறை. ஆனால் டேக்கார்ட் 'சிந்திக்கிற நான்' என்ற இடத்தில் நின்று, அங்கிருந்து கடவுள், உலகம் என்று திரும்பக் கட்டிடம் எழுப்பினார். ரமணர் அந்தச் சிந்திக்கிற மனசையும் விடவில்லை. நினைப்பு யாருக்கு வருகிறது என்று அதையும் துரத்தினார். ஹியூமும் தனக்குள் 'நான்' எங்கே என்று தேடியவர்தான். குளிர், சூடு, விருப்பு, வெறுப்பு என்று வந்து போகிற உணர்வுகள்தான் அகப்பட்டன, அவற்றைத் தவிர 'நான்' என்று தனியாக ஒன்றும் சிக்கவில்லை என்று 1739இல் எழுதினார். ஒரே கிணற்றில் மூன்று பேர் எட்டிப் பார்த்து மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை.

ஹியூமிடம் திரும்புகிறேன், ஏனென்றால் உண்மையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

பழக்கம்தான் மனித வாழ்க்கையை நடத்துகிறது என்று ஹியூம் சொன்னது பாராட்டாகத்தான். பழக்கம் இல்லாவிட்டால் சோறு பசியாற்றும் என்றுகூட நம்பமாட்டோம். ஆனால் அதே ஹியூம் இன்னொன்றும் சொல்கிறார்: நேற்றுவரை நடந்தது நாளைக்கும் நடந்தே தீரும் என்பதற்குத் தர்க்கத்தில் ஆதாரம் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நம் ஊரைப் பாருங்கள்.

ஃபோர்மேனாக இருக்கிற பழைய மாணவர் ஒருவர் போன தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், ஆர்டர் நெருக்கும்போது அறைக்கு நாலு பேர் என்ற கணக்கெல்லாம் பார்க்க முடியாது என்றார். நான் முகத்தைச் சுளித்தேன். "இருபத்தெட்டு வருசம் சார். மருந்த கையில எடுத்தாலே தெரியும். ஒரு நாள் ஒரு பொறி பறந்ததில்ல" என்றார். அவர் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஈரப்பதம், காற்று, மருந்தின் நயம் எல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. லாக் பார்த்தால் அனுபவ அறிவுக்கு இவரையே சாட்சி கூப்பிடுவார். ஆனால் ஒரு கேள்வி. 'விபத்து இப்படித்தான் நடக்கும்' என்கிற அனுபவம் முழுமையாகக் கிடைத்தவர் யார்? அந்த அறைக்குள் கடைசி நொடியில் இருந்தவர். அவர் திரும்பி வந்து சொல்வதில்லை. ஆகவே பணியிடத்தில் உலவுகிற அனுபவம் எல்லாமே தப்பித்தவர்களின் அனுபவம். ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இருபத்தெட்டு வருடச் சாட்சி இருக்கிறது, ஆனதற்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

ஹியூம் அதே புத்தகத்தில் ஓர் இந்திய இளவரசரைக் கொண்டுவருகிறார். குளிரில் தண்ணீர் கல்லாக உறையும் என்று யாரோ சொன்னதை அந்த இளவரசர் நம்ப மறுத்தாராம். அவர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அவர் யோசித்தது சரிதான் என்கிறார் ஹியூம். விருதுநகர் வெயிலில் வளர்ந்த நமக்கு அந்த இளவரசரைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. சரியாக யோசித்தார், ஆனாலும் தண்ணீர் உறையத்தான் செய்கிறது. நம் ஃபோர்மேன் தம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த இளவரசர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்.

2012 செப்டம்பர் 5 உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் தினம். முதலிப்பட்டி. முதல் வெடிச்சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடியவர்கள் பலர், காப்பாற்றப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும். இறந்தவர்களில் அவர்களும் பலர். வெடித்து முடிந்துவிட்டது என்று நினைப்பதும் பழக்கத்தால் வருகிற நினைப்புத்தான். புஸ்வாணம் ஒருமுறைதானே பூக்கும்.

நம் சைவ நூல்களில் அறிவு வருகிற வழிக்கு 'அளவை' என்று பெயர். சிவஞான சித்தியார் அளவையில்தான் தொடங்குகிறது. காண்டல், கருதல், உரை. பார்ப்பது, ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. லாக்குக்கு இந்த மூன்றாவதன் மேல் மரியாதை குறைவு. அடுத்தவன் கருத்து நம் மூளையில் மிதப்பதால் நாம் அறிவாளி ஆகிவிடமாட்டோம் என்பார். மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் பார்த்த எனக்கு அவர் எரிச்சல் புரிகிறது. ஆனால் பட்டாசுத் தொழிலில் அவர் பேச்சைக் கேட்க முடியாது. கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்துப் பட்டாசு செய்யக்கூடாது என்று 1992இல் தடை வந்ததே, அதை ஒவ்வொருவரும் கண்டு தெளிய வேண்டும் என்றால் என்ன ஆவது? அறைக்கு நாலு பேர், மருந்து உள்ள இடத்தில் இரும்புக் கருவி கூடாது, நைலான் உடுப்பு கூடாது. இவை எல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை என்று நம் ஆட்களுக்கு ஓர் எண்ணம். யோசித்தே வெடிமருந்தை அறிய முடியாது என்பதுதானே ஹியூமின் முதல் பாடம். ஒவ்வொரு விதியும் எங்கோ எவரோ பட்டது.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்ததால்தான் இந்த ஊர் இந்த ஊராக ஆனது. கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்வது நமக்குப் புதிது இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், பார்த்தவர்கள், வீட்டில் அம்மாவோ சித்தியோ மதினியோ பார்த்தவர்கள், நூலிழையில் தப்பித்த சம்பவங்களை எனக்கு எழுதுங்கள். விபத்து ஆகாமல் போனதால் எந்தப் பத்திரிகையிலும் வராத சம்பவங்கள். என்ன மருந்து, என்ன நேரம், வெயிலா மேகமா, எத்தனை பேர் இருந்தீர்கள், யார் முதலில் கவனித்தது. உங்கள் பெயரும் வேண்டாம், கம்பெனிப் பெயரும் வேண்டாம். தொகுத்து, வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகள் படிக்கிற மாதிரி எளிய தமிழில் எழுதித் தருகிறேன். அச்சடித்துத் தர அந்த மேப்லித்தோ தம்பி சம்மதித்துவிட்டார். எழுத வராதவர்கள் போனில் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்வேன். காலை பதினோரு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.